எண்ணிப் பார்த்த ஆளுநர்

சென்னைத் தீவுத்திடலைக் கடந்து கோட்டைக்குப் போகும் சாலையிலே, குதிரைமீது அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவரின் சிலையைக் காணாதவர் இல்லை. வழக்கு மன்றத்துக்குப் போகிறவரும் பார்க்கிறார், வேலை தேடிப் போகிறவரும் பார்க்கிறார், மனுக் கொடுக்கப் போகிறவரும் பார்க்கிறார். 1839-ல் அங்கே நிறுவப்பட்டது அந்தச் சிலை. வடித்தவர் சாண்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி. குதிரைக்குச் சேணமில்லையே, கால் வைக்க அங்கவடியும் இல்லையே என்று வேடிக்கை பேசுவோர் பலர். அந்தக் குதிரைக்காரர் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னவர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அவர்தான் தாமஸ் மன்றோ. சென்னை மாகாணத்தின் ஆளுநராக 1820 முதல் 1827 வரை இருந்தவர். உழவரிடமிருந்து நேரடியாக வரி வாங்கும் இரயத்துவாரி முறைக்கு உரு கொடுத்தவர் என்று பள்ளிப் பாடத்திலே படிக்கிறோம், தேர்விலே எழுதுகிறோம், தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். பாடப் புத்தகம் சொல்லாத ஒரு செயல் அவர் வாழ்விலே உண்டு. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. வெள்ளைத் துரைக்கு வாழ்த்துப் பா பாடுவது நம் வேலையல்ல. ஆனால் நல்லது செய்தவன் எந்த நிறத்தவன் என்று பார்த்து நன்றியை அளந்து கொடுப்பதும் நமக்குப் பழக்கமல்ல!

1761 மே 27-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே பிறந்தார் மன்றோ. தந்தை புகையிலை வணிகர். அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தபோது, அந்த நாட்டோடு நடந்த வாணிபம் நொடித்தது. வாணிபம் நொடிக்கவே வீடும் நொடித்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். 1780 சனவரியில் சென்னைக் கரையிலே வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. காலாட்படையிலே பயிற்சி வீரன். பதவி என்று சொல்லிக்கொள்ளத்தக்க பதவியுமில்லை, பரிந்துரைக்கத்தக்க பெரிய இடமுமில்லை.

வந்த ஆண்டிலேயே போர். மைசூர் வேங்கை ஐதர் அலி ஆர்க்காட்டுச் சீமைக்குள் பாய்ந்த ஆண்டு அது. பரங்கிப்பேட்டை, சோளிங்கர், வேலூர் என்று படை போன இடமெல்லாம் மன்றோவும் போனார். 1782 சூன் 2-ல் நம் ஆரணியிலே ஐதர் படையும் அயர் கூட் படையும் மோதினவே, அந்தக் களத்திலும் அவர் இருந்தார். இன்று பட்டுத்தறியின் ஒலி கேட்கும் மண்ணிலே அன்று பீரங்கி ஒலி கேட்டது. பின்னாளில் மாகாணம் முழுதையும் ஆளப்போகிறவர், அன்று நம் வயல் வரப்பிலே இருபத்தோரு வயது இளைஞராக நடந்து போனார்.

படையிலே இருந்தவாறே பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். அந்த மொழியறிவுதான் அவரை வாளிலிருந்து ஏட்டுக்கு இழுத்தது. 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகால் பகுதி கும்பினியின் கைக்கு வந்தது. கலசப்பாக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிறதே ஜவ்வாது மலை, அதற்கு அந்தப்புறம் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று விரியும் நிலந்தான் பாரமகால். அங்கே வரி ஏற்பாடு செய்ய அலெக்சாண்டர் ரீட் என்ற படைத் தலைவரை அனுப்பினார்கள். ரீடின் துணைவர்களிலே ஒருவர் மன்றோ. ஏழாண்டு! ஊர் ஊராக, வயல் வயலாக, ஏரி ஏரியாகச் சுற்றினார். பண்ணையாரைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டு எழுதிக்கொண்டு போகும் அதிகாரியாக அவர் இருக்கவில்லை. உழுகிறவனிடமே போய் நின்று, எத்தனை ஏர், என்ன விளைச்சல், எவ்வளவு வரி என்று கேட்டார்.

அந்த ஏழாண்டுப் பழக்கந்தான் அவருடைய பிற்கால வாழ்வுக்கு வித்து. கேட்காமல் முடிவு செய்யாதே; கேட்பதையும் கீழே இருப்பவனிடம் கேள். இந்த ஒரு பாடத்தை மன்றோ எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, தருமபுரிச் சீமையின் புழுதியிலே படித்தார்.

பிறகு கன்னடக் கடற்கரைச் சீமை. அதன்பின் 1800 முதல் 1807 வரை, நிசாமிடமிருந்து கிடைத்த பெல்லாரி, கடப்பை, கர்நூல் பகுதிகள். அங்கே பாளையக்காரர்களை அடக்கினார், வரியை வசூலித்தார். அந்த வரி இலேசானதன்று. குடியானவனின் முதுகை வளைத்த வரி. அதை மூடி மறைத்துச் சிலைக்கு மாலை போடுவது நேர்மையாகாது. ஆனால் அந்த வரி அதிகம், நூற்றுக்கு இருபத்தைந்து குறையுங்கள் என்று 1807-ல் எழுதியவரும் அவரேதான். மேலிடம் அன்று மறுத்தது. ஆளுநராக வந்தபிறகு தம் கையாலேயே அந்தக் குறைப்பைச் செய்தார். தாமே போட்ட கணக்கைத் தாமே திருத்துகிற அதிகாரி, எந்த நூற்றாண்டிலும் அரிய சரக்கல்லவா?

நெசவாளத் தோழர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1813-ல் கும்பினியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பிக்கும் நேரம். இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழு மன்றோவை அழைத்துச் சான்று கேட்டது. இங்கிலாந்துச் சரக்கு இந்தியாவிலே விலைபோகுமா என்பது அவர்கள் கேள்வி. நம் நாட்டு நெசவுச் சால்வை ஒன்றைத் தாம் ஏழாண்டாகப் பயன்படுத்தி வருவதையும், அது இன்னும் புதிது போலவே இருப்பதையும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகத் தந்தாலும் தாம் போர்த்திக்கொள்ள மாட்டார் என்பதையும் அந்த அவையிலேயே சொன்னார். கும்பினியின் சம்பளம் வாங்குகிறவர், கும்பினி நாட்டின் மன்றத்திலே, நம் தறிக்கு எழுதிக் கொடுத்த நற்சான்று அது!

1820-ல் ஆளுநரானார். 1822 சூன் 25-ல் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புதான் நம் கதையின் உயிர்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டு மக்கள் கல்வியற்றவர்கள் என்று ஒரு துரை எழுதுவார். இல்லை, கற்றவர்கள் என்று இன்னொரு துரை எழுதுவார். இருவரும் எழுதுவது எதை வைத்து? வேட்டைக்குப் போன இடத்திலே கண்டதை வைத்து, விருந்துக்குப் போன இடத்திலே கேட்டதை வைத்து. நிலத்தை அளந்தார்கள், பயிரை அளந்தார்கள், உப்பை அளந்தார்கள். பள்ளியை மட்டும் யாரும் அளக்கவில்லை. மன்றோ கேட்டார்: அளக்காத பொருளைப்பற்றி ஏன் அடித்துப் பேசுகிறீர்கள்? முதலிலே எண்ணுங்கள், பிறகு பேசலாம் என்பது அவர் முடிவு.

மாவட்டக் கலெக்டர் ஒவ்வொருவருக்கும் வருவாய் வாரியத்தின் வழியாக ஆணை போயிற்று. உங்கள் மாவட்டத்திலே எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகள் எத்தனை? மாணவர் எத்தனை பேர்? எந்த எந்தச் சாதியார்? ஆண் எத்தனை, பெண் எத்தனை? என்ன நூல் படிக்கிறார்கள்? எத்தனை ஆண்டு படிக்கிறார்கள்? மாதம் என்ன கொடுக்கிறார்கள்? பள்ளிக்கு மானியம் உண்டா? இவைதாம் கேள்விகள். இலண்டனிலிருந்து அறிஞர் குழுவை வரவழைக்கவில்லை. ஊர்க் கணக்கர் ஊரிலே எண்ண, தாசில்தார் தொகுக்க, கலெக்டர் அனுப்ப, மாகாணத்தின் சொந்தச் செலவிலே, மாகாணத்தின் சொந்த ஆட்களைக் கொண்டே நடந்தது அந்த ஆராய்ச்சி. பள்ளிகளின் உள்விவகாரத்திலே தலையிடும் எண்ணம் அரசுக்கு இல்லை, உள்ளதை அறிவதே நோக்கம் என்பதையும் தெளிவாக்கினார்.

விடைகள் வந்து சேர இரண்டரை ஆண்டுக்கு மேலாயிற்று. கன்னடச் சீமையின் கலெக்டர் கணக்கை அனுப்பவே இல்லை. அந்த வேலை நேரத்தை விழுங்கும், பயனும் இல்லை என்பது அவர் கருத்து. எல்லாக் காலத்திலும் இப்படி ஒரு கலெக்டர் இருக்கத்தான் செய்கிறார்!

மற்ற மாவட்டங்களின் தொகையைச் சொல்கிறேன், கேளுங்கள். மக்கள் தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணவர் 1,88,650. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெண்கள் பெரும்பாலும் படிக்கவே இல்லையாதலால், ஆண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 500 பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 7,13,000 என்று கணக்கிட்டார். பள்ளியிலே இருந்தவரோ 1,84,110. நால்வரில் ஒருவருக்குச் சற்று மேல். வீட்டிலே கற்பவரையும் சேர்த்தால் மூவரில் ஒருவர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். சென்னை நகரிலே மட்டும் 26,000-க்கு மேற்பட்டோர் வீட்டிலே கற்பதாக வந்த கணக்கை அவர் அப்படியே விழுங்கவில்லை. அதிலே பிழை இருக்கக்கூடும் என்று ஐயப்பட்டார். தமக்குப் பிடித்த முடிவைத் தரும் கணக்கையே ஐயுறுகிறவன்தான் ஆராய்ச்சியாளன்!

நம் வட ஆர்க்காட்டுக் கணக்கிலே பள்ளிகள் 630. அவையன்றி உயர் கல்விக் கூடங்கள் 69. அவற்றிலே மாணவர் 418. சாத்திரமும் சட்டமும் சோதிடமும் கற்பித்த அந்த உயர்கூடங்களின் திண்ணை யாருக்கு உரியதாக இருந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? ஆனால் எண்ணும் எழுத்தும் கற்ற ஊர்ப் பள்ளியின் கதை வேறு. பக்கத்துத் தென்னார்க்காட்டிலே, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 84 பேருக்கு மேல், சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் பட்டியலிலே குறிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள். நம் உழவனும் நெசவாளனும் தச்சனும் எழுத்தை வெறுத்தவர்கள், படிப்பு அவர்கள் பரம்பரைக்கே ஒட்டாதது என்று கதை கட்டினவர்களின் முகத்திலே அறைகிறது இந்தக் கணக்கு.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று குதிக்கவும் வேண்டாம். பிற சாதி என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் யார் யார் அடங்கினர், சேரிப் பிள்ளை அந்தத் திண்ணையிலே உட்கார்ந்தானா, வாசலிலே நின்றானா என்பதைப் பட்டியல் பிரித்துச் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளோ மாகாணம் முழுவதிலும் 4,540 பேர். ஒன்றேகால் கோடிப் பேருக்கு மேல் வாழ்ந்த நாட்டிலே நாலாயிரத்துச் சொச்சம்! கணக்கு நம் பெருமையையும் காட்டுகிறது, நம் சிறுமையையும் காட்டுகிறது. இரண்டையும் பார்க்கத் துணிவு வேண்டும்.

பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823-ல் எழுதிய விடை தனியாகக் குறிப்பிடத்தக்கது. அவர் மாவட்டத்திலே பள்ளிகள் 533, மாணவர் 6,641. அவர்களிலே பெண்கள் 60 பேர்தாம். அரசின் பொருளுதவி பெற்ற பள்ளி ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையோடு நிறுத்தாமல், பள்ளிகள் ஏன் குறைந்து வருகின்றன என்ற காரணத்தையும் அவர் எழுதினார். ஐரோப்பிய ஆலைத்துணி வந்து குவிந்தது; நம் பருத்தித் துணிக்கு இருந்த இடம் போயிற்று; கைத்தொழிலாளர் வருவாய் சுருங்கிற்று; பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கொடுக்க வழியில்லை. பள்ளி இருந்த ஊர்கள் பலவற்றிலே இப்போது பள்ளி இல்லை. இதை எழுதியவர் கும்பினியின் கலெக்டரே! தறி நின்றால் திண்ணையும் நிற்கும் என்ற உண்மையை ஆரணிப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாவு இல்லாத வீட்டிலே பலகைக்கு ஏது காசு?

இந்த விடைகளையெல்லாம் வைத்துக்கொண்டு 1826 மார்ச் 10-ல் மன்றோ தம் முடிவை எழுதினார். இந்த நாட்டின் கல்வி தாழ்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலே அண்மைக்காலம் வரை இருந்த நிலையைவிட இது மேல் என்று ஒப்புக்கொண்டார். தாழ்வுக்குக் காரணம் என்ன? மக்களின் மூளையா? இல்லை. வறுமை! பெற்றோர் வறுமை ஒருபுறம், ஆசிரியர் வறுமை மறுபுறம். ஒரு பிள்ளைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரை சம்பளம். ஆசிரியர் ஒருவருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. அந்த வரும்படிக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான்? வந்தாலும் எப்படி நிற்பான்? நோயைத் தொட்டுக் காட்டிய விரல் அது.

மருந்தும் எழுதினார். மாவட்டத்துக்கு இரண்டு தலைமைப் பள்ளிகள். ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு. தாசில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி. சென்னையிலே பள்ளி நூல் கழகத்தின் மேற்பார்வையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு நடுப்பள்ளி. 40 மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 15 ரூபாய் வீதம் 600. தாசில் பள்ளி 300-க்கு 9 ரூபாய் வீதம் 2,700. நூல் கழகத்துக்கு 700. ஆக மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய். சம்பளம் குறைவு என்பார் உண்டென்று அவருக்குத் தெரியும். மாணவர் தரும் தொகையும் சேர்ந்தால், தம் சொந்த நாடான ஸ்காட்லாந்தின் ஊர்ப் பள்ளி ஆசிரியரைவிட இவர் நிலை நன்றாகவே இருக்கும் என்று கருதினார்.

அதற்கு முன்பே, 1824 கடைசி நாளில் எழுதிய இன்னொரு குறிப்பிலே, அவர் அதைவிடப் பெரிய செய்தியைச் சொல்லியிருந்தார். படிக்கச் சொல்லிவிட்டுப் பதவியின் கதவை அடைத்து வைப்பது வீண் வேலை. இந்நாட்டாரை உயர்ந்த பொறுப்புகளிலே அமர்த்தாமல் அவர்கள் பண்பை உயர்த்த முடியாது. ஒரு நாள் இவர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதி பெறுவார்கள். அந்த நாளை நோக்கியே ஆட்சி நடக்க வேண்டும். இட ஒதுக்கீடு என்ற சொல் பிறக்காத காலத்திலே, கல்வியையும் பதவியையும் ஒரே கயிற்றிலே கட்டிக் காட்டிய கருத்து இது.

திட்டத்தை எழுதிய கை, திட்டம் தழைப்பதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. தாயகம் திரும்ப விடைபெறும் நேரம். பழகிய சீமையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவோம் என்று பெல்லாரி, கடப்பைப் பக்கம் சுற்றுப்பயணம் போனார். வழியிலே கூடாரத்திலே காலரா தாக்கிற்று. 1827 சூலை 6-ல், பத்திகொண்டா என்ற ஊரிலே, 66-ஆம் வயதில் மறைந்தார். கூத்தியிலே புதைத்தார்கள், 1831-ல் எடுத்து வந்து சென்னைக் கோட்டையின் மரியன்னை ஆலயத்திலே அடக்கம் செய்தார்கள். அந்தச் சீமையின் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு மன்றோவின் பெயரையே சூட்டினர். அரசாணை போட்டு வாங்க முடியாத விருது அது!

திட்டம் என்னவாயிற்று? 1828-ல் இலண்டன் ஒப்புதல் தந்தது. பள்ளிகள் சில திறந்தார்கள். 1836-ல் எல்லாவற்றையும் மூடினார்கள். ஆங்கில உயர்கல்வியைச் சிலருக்குக் கொடுத்தால் போதும், அது மேலிருந்து சொட்டிக் கீழே இறங்கும் என்ற மெக்காலே கூட்டத்தாரின் காலம் தொடங்கிவிட்டது. சொட்டிற்றா? மேலே இருந்தவன் வாயிலேயே வற்றிப் போயிற்று!

வங்காளத்திலும் இதே கதை. பெண்டிங் பிரபு கேட்க, ஆடம் என்ற பாதிரியார் ஊர்ப் பள்ளிகளை ஆராய்ந்து 1835 முதல் 1838 வரை மூன்று அறிக்கைகள் தந்தார். பள்ளிகளை ஒழிக்காதீர்கள், உள்ளதை உயர்த்துங்கள் என்று மன்றாடினார். அறிக்கை பெட்டிக்குள் போயிற்று.

ஆனால் பழியையெல்லாம் மெக்காலே தலையிலே போட்டுவிட்டு நாம் படுத்துறங்க முடியாது. மன்றோவின் திட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை இருந்தது. பள்ளிகளை மூடுமுன் சொல்லப்பட்ட காரணங்களைப் பாருங்கள். ஆசிரியர் தகுதியற்றவர், ஏனெனில் அவரைத் தேர்ந்தெடுத்தவர் தாசில்தார். தாசில்தாருக்கு வேண்டியவர் ஆசிரியரானார். சம்பளம் போதவில்லை. மேற்பார்வை இல்லை. எத்தனை பள்ளி என்று எண்ணினார்கள், எத்தனை பிள்ளை என்று எண்ணினார்கள், என்ன நூல், என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்டார்கள். ஆனால் பள்ளியை நடத்துகிறவர் எப்படிப்பட்டவர், நல்ல பள்ளி எதனால் நல்ல பள்ளியாயிற்று, ஒரே ஊரிலே ஒரு திண்ணை நிரம்பி மற்றொரு திண்ணை காலியானது ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கேள்வித் தாளிலே இடமில்லை! கேட்காத கேள்வியே திட்டத்தைக் கொன்றது. நூலை எண்ணினார்கள், தறியை எண்ணினார்கள், நெய்கிறவனைப் பார்க்க மறந்தார்கள்.

தோழர்களே! இது 200 ஆண்டுக்கு முந்தைய கதையென்று ஒதுக்காதீர்கள். கடல் கடந்து ஆப்பிரிக்காவைப் பாருங்கள். 1920-லும் 1924-லும் அமெரிக்காவின் பெல்ப்ஸ்-ஸ்டோக்ஸ் நிதியம் பணம் கொடுத்து, அந்தக் கண்டத்தின் பள்ளிகளை ஆராய இரண்டு குழுக்களை அனுப்பிற்று. தலைவர் ஜெசி ஜோன்ஸ், வேல்சிலே பிறந்த அமெரிக்கர். பார்த்த பள்ளிகள் ஆப்பிரிக்கப் பள்ளிகள். படித்த பிள்ளைகள் ஆப்பிரிக்கப் பிள்ளைகள். பணமோ அமெரிக்கப் பணம், அளவுகோலோ அமெரிக்கத் தென்பகுதியிலே கறுப்பருக்கென்று வைத்த பள்ளிகளின் அளவுகோல். அந்தக் குழுவிலே இருந்த ஆப்பிரிக்கர் தங்கக் கடற்கரை நாட்டு அக்ரே என்ற அறிஞர் ஒருவரே. ஊர் ஊராகச் சென்று அவர் பேசியபோது மக்கள் திரண்டார்கள். தங்களுள் ஒருவர் தங்கள் பள்ளியைப்பற்றிக் கேட்க வந்திருக்கிறாரே என்று பூரித்தார்கள். பிறகு அக்கிமோட்டா கல்லூரியின் துணைத் தலைமைப் பொறுப்பிலே அமர்ந்தார். மன்றோ மறைந்து சரியாக நூறாண்டு கழித்து, 1927 சூலையில் அவரும் மறைந்தார். இன்று அந்த நாடு கானா என்ற தன்னரசு நாடு. ஆனாலும் ஆப்பிரிக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர் எப்படிப்பட்டவர், அவருக்கு என்ன குறை, அவரால் என்ன முடியும் என்று ஆராய வேண்டுமானால், உள்ளூர் அறிஞர் வெளிநாட்டு நிதியின் வாசலிலே நிற்கும் நிலை இன்னும் தீர்ந்துவிடவில்லை. பணம் கொடுப்பவன் கேள்வியையும் சேர்த்தே கொடுக்கிறான். கேள்வி அவனுடையதென்றால், விடை எப்படி நம்முடையதாகும்?

நம் நிலை அதைவிட மேல்தான். 1950-களின் பிற்பாதியிலே, காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று ஊரே கூடிப் பட்டியல் போட்டது, ஊரே கொடுத்தது. பகலுணவும் வந்தது, பள்ளியும் பெருகிற்று. மன்றோ எண்ணியதோடு நின்றார். இவர்கள் எண்ணத்தைச் செயலாக்கினார்கள். அதன் பயனைத்தான் கலசப்பாக்கமும் போளூரும் ஆரணியும் இன்று துய்க்கின்றன. செய்யாற்றங்கரைக் குடிசையிலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் பிள்ளைகள் பட்டதாரிகளாக வெளிவந்தது மந்திரத்தாலன்று.

ஆயினும் கேட்கிறேன்: மன்றோ கேட்க மறந்த கேள்வியை நாம் கேட்டுவிட்டோமா? கட்டடம் ஒன்றே, திட்டம் ஒன்றே, சம்பளம் ஒன்றே. ஓர் ஊர்ப் பள்ளியிலே பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். ஐந்து கல் தொலைவிலே இன்னொரு பள்ளி இளைத்துக் கிடக்கிறது. ஏன்? தலைமையாசிரியர் என்ற ஒரு மனிதர் என்ன செய்கிறார், என்ன செய்யாமல் இருக்கிறார்? காலையிலே முதலில் வருகிறாரா? வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்புகிறாரா? பட்டுக்கூலி குறைந்த மாதத்திலே தறிக்குழிக்குப் போய்விட்ட பிள்ளையைத் திரும்ப அழைத்து வருகிறாரா? அல்லது புள்ளிவிவரம் அனுப்பியே அவர் பொழுது போய்விடுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை நம் ஊர்களிலேதான் கிடக்கிறது. தில்லியிலே கிடைக்காது, வாசிங்டனிலே கிடைக்காது.

இதற்கு ஆகும் செலவு மலையளவா? மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. முப்பதாண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் தலையிலே உள்ள அறிவு அவர்களோடு போய்விடுவதற்கு முன் கேட்டு எழுத, இளைஞர் நாலு பேரை ஊர் ஊராக அனுப்ப, கண்டதைத் தமிழிலே அச்சிட்டு ஆசிரியர் கையிலே கொடுக்க, அரசு ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கட்டும். கும்பினியின் ஆளுநர், வரி ஒன்றையே குறியாகக் கொண்டிருந்த ஓர் ஆட்சியிலே, இதற்குப் பணம் கேட்டு எழுதினார். நம் ஆட்சியிலே நாம் கேட்கக் கூசலாமா?

தலைமையாசிரியர் நாற்காலி காலியாகக் கிடக்கும் பள்ளியைக் கண்டால், ஊர் கேட்க வேண்டும். வேண்டியவருக்கு வேண்டிய இடம் என்று மாறுதல் நடந்தால், ஊர் கேட்க வேண்டும். தாசில்தார் வீட்டுத் திண்ணையிலே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியரால் ஒரு நல்ல திட்டம் பத்தாண்டுக்குள் மண்ணாயிற்று என்பதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அதே மையை மறுபடி தொட்டு எழுத வரலாறு சலிப்பதில்லை.

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள். கணக்கிடுவதும் எண்ணுதல், சிந்திப்பதும் எண்ணுதல். மன்றோ என்ற அயலார் இரண்டையும் செய்யத் தொடங்கினார். காலன் இடையிலே வந்தான். தொடங்கியதை முடிக்க வேண்டியவர் அவர் நாட்டவரல்லர், நாமே. நம் பள்ளியை நாமே எண்ணுவோம், நம் பணத்தைக் கொண்டு எண்ணுவோம், நம் மொழியிலே எழுதி வைப்போம். எழுதி வைத்ததை எடுத்து நடத்துகிற தலைமையாசிரியரை ஊரே தோள்கொடுத்துத் தாங்குவோம்!